ஆவணம் காக்கும் மென்பொருள்: தொழிலகங்களுக்கான தேர்வு நெறிகள்

முன்னுரை

வாணிகம் வளருந்தோறும் அதன் ஆவணங்களும் வளர்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இயங்கும் நடுத்தரமான தோல் பதனிடும் தொழிலகம் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். பச்சைத் தோல் வாங்கிய பில், இரசாயனப் பொருள்களுக்கான பட்டியல், ஆய்வுக்கூட அறிக்கை, வங்கியின் கடனுறுதிக் கடிதம், கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது, தொழிலாளர் வருகைப் பதிவேடு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை என ஓராண்டில் சேரும் தாள்கள் ஓர் அறையையே நிறைத்துவிடும். இவற்றுள் ஒரு தாள் உரிய வேளையில் கிடைக்காது போயினும் இழப்பு பெரிதாகும். வேலூர் வட்டாரத் தோல் தொழிலகங்கள் தொடர்பாக 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு வழிசெய்து வாரியத்தின் இசைவினைப் பெறுமாறு பணித்தது. அவ்விசைவுத் தாளைக் காட்டவியலாத தொழிலகத்தின் நிலை என்னாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இத்தகைய ஆவணங்களைக் கணினியில் சேர்த்து, தேடி எடுத்து, காத்துத் தரும் கருவியே ஆவண மேலாண்மை மென்பொருள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களோடு, மூலநிரல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்ட திறமூல மென்பொருள்களும் இன்று இப்பணிக்கு உள்ளன. அவற்றுள் தகுந்ததைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முன்னோர் கண்ட முறை

ஆவண மேலாண்மை நமக்குப் புதியதன்று. சோழர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் கற்போர், மன்னன் வாய்மொழியாகப் பிறப்பித்த ஆணையைத் ‘திருமந்திர ஓலை’ என்னும் அலுவலர் எழுதியதையும், ‘ஓலைநாயகம்’ என்போர் அதனை ஒப்புநோக்கி ஏற்றதையும், பின்னர் அது வரிப்பொத்தகத்தில் பதிவானதையும் அறிவர். நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் அளித்த கொடை, அவன் மைந்தன் இராசேந்திரன் காலத்தில் செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. எழுதியவர் யார், சரிபார்த்தவர் யார், எங்குப் பதியப்பட்டது, எதில் நிலைபெற்றது என்னும் நான்கு வினாக்களுக்கும் அம்முறையில் விடை இருந்தது. இன்றைய மென்பொருளிடமும் நாம் கேட்க வேண்டியவை இவ்வினாக்களே.

திறமூலம் என்பது யாது?

1983-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தினை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்தவும், அதன் அமைப்பைக் கற்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் பயனர்க்கு உரிமை வேண்டும் என்பது அவரது கொள்கை. அக்கொள்கையைச் சட்ட வடிவில் காக்கும் குனூ பொது உரிமத்தின் முதற்பதிப்பு 1989-இலும், இரண்டாம் பதிப்பு 1991-இலும், மூன்றாம் பதிப்பு 2007-இலும் வெளிவந்தன. ‘திறமூலம்’ எனும் பொருள்தரும் ஆங்கிலப் பெயர் 1998-இல் வழக்கிற்கு வந்தது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். பொது உரிமம் பெற்ற மென்பொருளை ஒரு தொழிலகம் தன் தேவைக்கேற்பத் திருத்திக்கொண்டால், அத்திருத்தத்தை ஊரறிய வெளியிட வேண்டுமோ? தன் அலுவலகத்துள்ளே மட்டும் பயன்படுத்தும் வரையில் அக்கடப்பாடு இல்லை. திருத்திய மென்பொருளைப் பிறர்க்கு வழங்கும்போதுதான் மூலநிரலையும் உடன் தரவேண்டும். எனினும் ‘அஃபெரோ’ என்னும் வகை உரிமத்தில், திருத்திய மென்பொருளை வலையமைப்பு வழியே பயன்படுத்துவோர்க்கும் மூலநிரல் கிடைக்கச் செய்தல் வேண்டும். ஆகவே உரிமத்தின் பெயரை முதலிற் படித்தறிதல் நலம்.

இலவசமா?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர் பெரியோர். மென்பொருளைப் பொறுத்தவரை இப்பழமொழியை நாம் ஒதுக்கியே ஆகவேண்டும். உரிமக் கட்டணம் இல்லை என்பதனால் செலவே இல்லை என்று பொருளன்று. மென்பொருளை நிறுவும் கணினி, தாள்களைப் படமெடுக்கும் ஸ்கேனர், மின்தடையைத் தாங்கும் கருவி, படிகளைச் சேமிக்கும் வட்டுகள், இவை அனைத்தினும் மேலாகப் பழைய தாள்களை ஒவ்வொன்றாக உட்செலுத்தும் ஊழியரின் உழைப்பு ஆகிய யாவும் செலவே. இவற்றைக் கூட்டிப் பார்த்து, அதன்பின் விலை மென்பொருளின் ஆண்டுக் கட்டணத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். ஓர் உரிமையாளரும் ஒரு கணக்கரும் மட்டுமே உள்ள கடைக்கு, ஆண்டுவாரியாகவும் வகைவாரியாகவும் ஒழுங்குபடுத்திய கோப்புறைகளே போதுமானவையாகலாம்.

அவ்வாறாயின் திறமூலத்தின் உண்மைப் பயன் யாது? வெளியேறும் உரிமையே அது எனலாம். நம் ஆவணங்கள் எவ்வடிவில், எங்குச் சேமிக்கப்பட்டுள்ளன என்பதை மறைக்க எவராலும் இயலாது. மென்பொருளை எழுதியவர் கைவிட்டாலும் பிறர் அதனைத் தொடரலாம். பேப்பர்லெஸ் என்னும் மென்பொருளே இதற்குச் சான்று. தனியொருவர் தொடங்கிய அம்மென்பொருளை 2020-இல் வேறொருவர் ‘பேப்பர்லெஸ்-என்ஜி’ எனப் புதுப்பித்தார். அவரது பணியும் தேங்கியபோது, 2022-இல் ஒரு குழுவினர் ‘பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ்’ என்னும் பெயரில் அதனை ஏற்று நடத்தலாயினர். மூலநிரல் பூட்டப்பட்டிருந்தால் இத்தொடர்ச்சி நிகழ்ந்திராது.

எது எவர்க்குப் பொருந்தும்?

மேற்கூறிய பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் சிறு அலுவலகங்களுக்கு ஏற்றது. படமெடுத்த தாளில் உள்ள எழுத்துகளை அது படித்து, சொல்லைக் கொண்டு தேடத்தக்கதாக ஆக்குகிறது. அனுப்பியவர், ஆவண வகை, குறிச்சொல் என வகைப்படுத்துகிறது. மூலக் கோப்பினை மாற்றாது வைத்துக்கொண்டு, நெடுங்காலச் சேமிப்புக்கான வடிவில் வேறொரு படியையும் உருவாக்குகிறது. ஆயின் கடனுறுதிக் கடிதம் மேலாளர், கணக்கர், உரிமையாளர் எனப் பல கைகளைக் கடந்து ஒப்புதல் பெறவேண்டிய அலுவலகத்தின் தேவையை அது முழுமையாக நிறைவு செய்வதன்று.

ஒப்புதல் படிநிலைகளும், ஆவணந்தோறும் நுணுக்கமான அனுமதிகளும் வேண்டுவோர் மாயன் என்னும் மென்பொருளை ஆராயலாம். பைத்தான் மொழியில் அமைந்த அது, ஓர் ஆவணம் எந்நிலையிலிருந்து எந்நிலைக்குச் செல்லலாம், அதனை நகர்த்தும் உரிமை எவர்க்கு உண்டு என்பதை நாமே வரையறுக்க இடந்தருகிறது.

பல கிளைகளும் நூற்றுக்கணக்கான பயனர்களும் உடைய பெருநிறுவனங்களின் நோக்கில் எழுந்தது ஆல்ஃபிரெஸ்கோ. டாக்குமெண்டம் என்னும் புகழ்பெற்ற வணிக மென்பொருளைத் தோற்றுவித்தவருள் ஒருவரான ஜான் நியூட்டன், 2005-இல் ஜான் பவலுடன் இணைந்து இதனைத் தொடங்கினார். 2020-இல் ஹைலாண்ட் நிறுவனம் இதனை வாங்கியது. இதில் சமூகப் பதிப்பு, நிறுவனப் பதிப்பு என இருவகை உண்டு. பல கணினிகளை ஒருங்கிணைத்துச் சுமையைப் பகிரும் வசதி கட்டணப் பதிப்பிற்கே உரியது. ஓபன்கேஎம், லாஜிக்கல்டாக் ஆகியவற்றிலும் இவ்வாறே இருவகைப் பதிப்புகள் உள்ளன. விளம்பரத்தில் காணும் வசதி எப்பதிப்பிற்குரியது எனக் கேட்டறியாமல் முடிவெடுத்தல் தகாது.

தமிழ் ஆவணங்கள்

நம் தொழிலகங்களின் தாள்களிற் பல தமிழில் உள்ளவை. ஆகவே மென்பொருள் தமிழைப் படிக்குமா என்பது தலையாய வினா. திறமூல ஆவண மென்பொருள்கள் பல, எழுத்துகளைப் படிப்பதற்கு டெசராக்ட் என்னும் எழுத்துணரியைப் பயன்படுத்துகின்றன. ஹெச்.பி. நிறுவனத்தில் 1985-க்கும் 1994-க்கும் இடையே உருவான அது 2005-இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. தமிழுக்குரிய தரவும் அதற்கு உண்டு. எனினும் நிறுவும்போது தமிழைத் தனியே சேர்த்தால்தான் அது தமிழைப் படிக்கும். தாளினை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் அளவில் படமெடுத்தால் அச்செழுத்துகளை ஓரளவு நன்கு அறியும். கணக்கப்பிள்ளையின் கையெழுத்துப் பேரேட்டை அது படிக்கும் என எதிர்பார்க்கலாகாது. அத்தகைய ஏடுகளுக்குத் தலைப்பு, நாள், பெயர் ஆகியவற்றை ஒருவர் கையால் பதிதலே வழி.

மற்றொரு சிக்கலும் உண்டு. 1990-களில் தமிழ் மென்பொருளாளர் ஒவ்வொருவரும் வெவ்வேறு எழுத்துருக் குறியீட்டைக் கையாண்டனர். 1999-ஆம் ஆண்டு தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியீடுகள் ஏற்கப்பட்டன. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் தட்டச்சு செய்த கடிதங்களை ஒருங்குறிக்கு மாற்றாமல் சேர்த்தால், அவை கணினியுள் இருந்தும் தேடலில் அகப்படா.

சட்டம் கூறுவது

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்துள்ளது. ஆனால் உயில் முதலியவற்றுக்கு அச்சட்டம் பொருந்தாது. அவற்றின் மூலத்தாளைப் பேணியே ஆகவேண்டும். கணினி ஆவணத்தை நீதிமன்றத்தில் சான்றாக வைக்கும் முறையை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு வகுக்கிறது.

காலவரம்பும் கருதத்தக்கது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி, கணக்குகளை அவ்வாண்டின் ஆண்டு விவர அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் எட்டு நிதியாண்டுகளின் கணக்கேடுகளைக் காக்கச் சொல்கிறது. எனவே எந்த ஆவணத்தை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் எனக் குறித்து வைத்து, அதற்குமுன் எவரும் அழிக்கவியலாதவாறு தடுக்கும் வசதி மென்பொருளில் உண்டா எனப் பார்த்தல் வேண்டும். யார், எந்நாளில், எதைத் திறந்தார், எதை மாற்றினார் என்னும் பதிவும் இன்றியமையாதது.

பாதுகாப்பு

மூலநிரல் திறந்திருப்பதனாலேயே மென்பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் திறமூல நிரற்பகுதியில் கண்டறியப்பட்ட குறை, ஜாவா மொழியில் அமைந்த எண்ணற்ற மென்பொருள்களைத் தாக்குதலுக்கு ஆளாக்கியது. திருத்தம் விரைவில் வெளிவந்தது. எனினும் அதனை நிறுவியவர்க்கே அது பயன்பட்டது. ஆகவே புதிய பதிப்புகளைக் காலந்தவறாது நிறுவும் பொறுப்பினை ஒருவரிடம் பெயர் சுட்டி ஒப்படைத்தல் வேண்டும்.

படிகள் மூன்று, அவை இருவகைச் சேமிப்புகளில், ஒன்று வேற்றிடத்தில் என்பது கணினி அறிஞர் கூறும் விதி. 2017 மே மாதத்தில் பரவிய வான்னாக்ரை என்னும் தீநிரல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. 2015 டிசம்பரில் சென்னையின் அலுவலகங்கள் பலவற்றில் வெள்ளம் புகுந்தது. ஒரே அறையில் மூலமும் படியும் இருப்பின் இரண்டும் ஒருங்கே அழியும். வேற்றிடத்துப் படியிலிருந்து ஆவணங்களை மீட்டெடுக்க முடிகிறதா என்பதையும் ஆண்டிற்கு இருமுறையேனும் செய்து பார்த்தல் வேண்டும்.

தேர்வுக்கு ஒரு நடைமுறை

இதுகாறும் கூறியவற்றைப் பின்வருமாறு செயற்படுத்தலாம்.

முதலாவதாக, தொழிலகத்தின் ஆவண வகைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் யார் எழுதுகிறார், யார் ஒப்புகிறார், எத்தனை ஆண்டு காக்க வேண்டும் எனக் குறித்தல்.

இரண்டாவதாக, இரண்டு மென்பொருள்களை மட்டும் தெரிவு செய்து, அவற்றின் அண்மைப் பதிப்பு எப்போது வெளிவந்தது, எத்தனை பேர் அதில் உழைக்கின்றனர், பயனர் தெரிவித்த குறைகளுக்கு விடை கிடைக்கிறதா என ஆராய்தல்.

மூன்றாவதாக, இருநூறு தாள்களைக் கொண்டு ஒரு திங்கள் சோதித்தல். இச்சோதனையை உரிமையாளரின் மகனோ கணினி வல்லுநரோ செய்தலிலும், நாள்தோறும் தாள்களைக் கையாளும் எழுத்தரே செய்தல் நன்று. கருவி அவருடைய கைக்குப் பழகாவிடில், சில மாதங்களில் தாள்கள் மீண்டும் பீரோவுக்கே சென்றுவிடும்.

நான்காவதாக, உட்செலுத்திய இருநூறு ஆவணங்களையும் வெளியே எடுத்துப் பார்த்தல். கோப்புகள் மட்டுமின்றி, அவற்றுக்கு நாம் இட்ட பெயர், நாள், குறிச்சொல் யாவும் உடன் வருகின்றனவா என நோக்க வேண்டும். பி.டி.எப். கோப்பின் நெடுங்காலச் சேமிப்பு வடிவம் 2005-இலேயே அனைத்துலகத் தரமாயிற்று. ஆவண மென்பொருள்கள் தம்முள் உரையாடுதற்குரிய சி.எம்.ஐ.எஸ். என்னும் தரம் 2010-இல் ஏற்கப்பட்டது. இத்தகைய பொதுத் தரங்களைப் பின்பற்றும் மென்பொருளே பிற்காலத்தில் நம்மைக் கட்டிப்போடாது. இந்நான்காம் சோதனையில் தோற்ற மென்பொருள், ஏனையவற்றில் எத்துணைச் சிறந்ததாயினும் விலக்கத்தக்கதே.

முடிவுரை

தந்தையார் காலத்துக் கணக்கேடுகளை இன்றும் துணியிற் பொதிந்து வைத்திருக்கும் வணிகக் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அவற்றைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். கணினியில் வைத்த ஆவணத்திற்கோ அதனைத் திறக்கும் மென்பொருளும் வேண்டும். நாம் இன்று தேர்ந்தெடுக்கும் மென்பொருள் இருபது ஆண்டுகளுக்குப்பின் இயங்காது போகலாம். அதனுள் வைத்த ஆவணம் அப்போதும் திறக்க வேண்டும். கணினியும் வணிகவியலும் தமிழும் கற்கும் நம் மாணவர்கள் ஒன்றுகூடி, தம் ஊர்த் தொழிலகம் ஒன்றில் மேற்கூறிய ஒரு திங்கட் சோதனையை நடத்திக் காட்டலாம். தொழிலகத்தின் பெரியோர் அதற்குக் கதவு திறந்தால், இருசாரார்க்கும் அதனால் நன்மை விளையும்.