சட்டைப் பையில் இருந்த விடை

பெரிய நூலகங்களில் ஒரு மேசை இருக்கும். அங்கே அமர்ந்திருப்பவர் புத்தகம் இரவல் கொடுப்பவர் அல்லர். நாம் கேட்பதற்கு விடை எந்த நூலில், எந்தப் பத்திரிகையில் இருக்கிறது என்று தேடித் தருவதே அவர் வேலை. தோட்டத்து மக்கள் பலர் அந்தப் பக்கம் போகவே கூச்சப்படுகிறார்கள். கூச்சம் எதற்கு? அவர் நமக்காகத்தான் இருக்கிறார்.

ஒருமுறை என் மாணவன் ஒருவனின் தாயாரோடு பட்டணத்து நூலகம் ஒன்றுக்குப் போனேன். மூடப்பட்டுவிட்ட தம் பழைய தோட்டத்தைப் பற்றி அக்காலப் பத்திரிகையில் வந்த செய்தி அவருக்கு வேண்டியிருந்தது. "அது தெரிந்தவர் இன்று லீவு, அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். இரண்டு பேருந்து மாறி, ஒரு நாள் சம்பளத்தையும் விட்டு வந்தவர் அந்த அம்மாள்.

யார் எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தார் என்பதை நம் கிராணிமார் மனத்திலா வைத்திருந்தார்கள்? செக்ரோலில் எழுதினார்கள். கிராணி மாறினாலும் கணக்கு நின்றது. நூலகர்களும் முன்பு அட்டைகளில் எழுதியதுண்டு. 1940களிலிருந்து 1980கள் வரை மக்கள் கேட்ட கேள்விகள் அடங்கிய பழைய பெட்டி ஒன்று நியூயார்க் பொது நூலகத்தில் 2014இல் அகப்பட்டது. எட்டுக் கால் ஆக்டோபஸை வீட்டில் வளர்க்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டிருக்கிறார்!

ஆனால் பெட்டி ஒரு மேசையில்தான் இருக்கும். கணினியில் எழுதிவைத்தால் எல்லா மேசையிலும் இருக்கும். 'விக்கி' என்பது அப்படியொரு பொதுக் குறிப்பேடு. ஓர் ஊழியர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். யார், எப்போது மாற்றினார் என்பதும் பதிவாகும். விடையோடு நூலின் பெயர், பக்கம், தேடியும் கிடைக்காத இடங்கள் எல்லாம் அதில் எழுதலாம். கிடைக்காத இடத்தை எழுதுவதுதான், என்னைக் கேட்டால், பெரிய உதவி. அடுத்தவர் அங்கே மறுபடி அலைய வேண்டாம்.

2002இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் ஓசிஎல்சி என்னும் நூலகக் கூட்டமைப்பும் 'குவெஸ்ச்சன் பாயிண்ட்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. ஒரு நூலகம் கண்ட விடையை வேறு நாட்டு நூலகமும் எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. 2019இல் அது வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

இதில் இரண்டு கவனம் வேண்டும். கேட்டவரின் பெயரை நீக்கிவிட்டே விடையைச் சேமிக்க வேண்டும். தேதியும் குறிக்க வேண்டும். பழைய கட்டணமும் பழைய விதியும் ஆளைத் தவறான கதவுக்கு அனுப்பிவிடும்.

அடுத்த வாரம் அந்தத் தாயாரும் நானும் மறுபடி போனோம். ஐந்தே நிமிடத்தில் விடை கிடைத்தது. லீவில் இருந்தவர் தம் சட்டைப் பையிலிருந்த சிறு நோட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.