டியூபை எப்ப சார் எடுப்பீங்க?

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஆக்ஸிடென்ட். திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில் முதலுதவி. அப்புறம் '108'-ல் ஏற்றி, சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி முண்டியம்பாக்கம் - விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. 2010-ல் அந்தக் கல்லூரி வந்த பிறகு, இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பழகிப்போன ரூட் இது.

இடுப்பிலோ தலையிலோ பலத்த அடி என்றால், நோயாளியோடு இன்னொரு பார்ட்டியும் கூடவே வரும். சிறுநீர் டியூப்! 1930-களில் ஃபிரெடரிக் ஃபோலி என்ற அமெரிக்க டாக்டர் உருவாக்கிய டிசைன். உள்ளே போனதும் நுனியில் ஒரு குட்டி பலூன் உப்பிக்கொள்ளும், டியூப் நழுவாது.

உயிர் காக்கும் சமாசாரம்தான். ஆனால், அதே வழியில் கிருமியும் மேலே ஏறும். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாசம் விட்டால் அநேகமாக எல்லோருக்கும் சேர்ந்துவிடும். கிருமி இருந்தாலே வியாதி என்று அர்த்தமில்லை. குளிர்ஜுரம், அடிவயிற்று வலி, வயசானவர்களுக்குத் திடீர்க் குழப்பம்... இதெல்லாம் வந்தால்தான் வம்பு. ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

'டாக்டர் பார்த்துப்பார்' என்கிறீர்களா? சஞ்சய் செயின்ட் என்ற டாக்டரின் குழு அமெரிக்காவில் இதைச் சோதித்து 2000-ல் வெளியிட்டது. 'உங்க பேஷன்ட்டுக்கு டியூப் இருக்கா?' என்று டாக்டர்களைக் கேட்டால், டியூப் இருந்தும் 28 சதவீதம் தடவை அவர்களுக்கு அது தெரியவில்லை. பெரிய டாக்டர்களிடம் மட்டும் 38 சதவீதம்! வார்டு நெரிசலில், போர்வைக்கு அடியில் இருப்பது யாருக்கு ஞாபகம் வரும்?

அதனால்தான் கணக்கு வைக்கிறார்கள். கிரிக்கெட் ரன்ரேட் மாதிரி சிம்பிள். ஒரு மாதத்தில் 20 பேருக்குத் தலா 5 நாள் டியூப் என்றால் 100 'டியூப் நாள்'. அதில் 2 பேருக்கு இன்ஃபெக்ஷன் என்றால், ஆயிரத்துக்கு 20. இந்த எண் ஏறினால் எங்கோ கோளாறு. டெல்லி எய்ம்ஸ் தலைமையில் பல ஆஸ்பத்திரிகள் இந்தக் கணக்கை ஒரே முறையில் எடுக்கின்றன.

கூட இருக்கிற நமக்கும் வேலை உண்டு. ஒரு ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாமே!) பார்த்தேன். ஸ்ட்ரெச்சரில் பெரியவர். பேரன், யூரின் பையை குளூக்கோஸ் பாட்டில் மாதிரி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக வந்தான்! பையில் இருந்தது திரும்ப உள்ளேயே போகும். "தம்பி, கீழே இறக்குப்பா" என்றேன். "தரையில பட்டா அழுக்காயிடுமே சார்" என்றான். பாதி ரைட்! பை தரையிலும் படக்கூடாது. இடுப்புக்கு மேலேயும் போகக்கூடாது. கட்டிலின் பக்கவாட்டில் தொங்கட்டும். ஆம்புலன்ஸிலும் அதேதான்.

டியூப் மடங்கக்கூடாது. பையைத் தொடுமுன்னும், தொட்ட பின்னும் கைக்கு சோப்பு. இணைப்பைக் கழற்றிப் பார்க்கும் ஆராய்ச்சி வேண்டாம். நீங்களே இழுத்து எடுக்கவும் கூடாது. உள்ளே பலூன் இருக்கிறது, கிழித்துவிடும்.

ஆபீஸுக்கு லீவு போட்டு அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறீர்களா? காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது எழுந்து நின்று, பவ்யமாக ஒரே ஒரு கேள்வி: "டாக்டர், அப்பாவுக்கு இந்த டியூப் இன்னிக்கும் தேவைதானா?" தேவையென்றால் இருக்கட்டும். நாளைக்கும் கேளுங்கள்!