வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்!

முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த பங்சாரில் இன்று கார்களுக்குப் பஞ்சமில்லை. தோட்டத்தை விட்டுப் போன நம் பிள்ளைகளும் அங்கே வண்டி ஓட்டுகிறார்கள்.

விபத்து நடந்தால் கூப்பிடாமலே இழுவை லாரி வந்து நிற்கும். "கையெழுத்துப் போடுங்கண்ணே, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்பார்கள். போடாதீர்கள்! கார் தெரியாத பட்டறைக்குப் போனால் மீட்பது பெரும்பாடு.

இழுவைத் தொழிலுக்கு 2010ஆம் ஆண்டுத் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், கேட்டுப் பாருங்கள். முதலில் இன்சூரன்சுக்குப் போன் போடுங்கள். பல பாலிசிகளில் இழுவைக் கூலியும் அடக்கம். கூலி எவ்வளவு, எந்தப் பட்டறை என்று எழுதி வாங்குங்கள். லாரி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்வது சட்டம்.

தவணை கட்டி வாங்கிய வண்டி, ஐயா! பிள்ளைகளிடம் இன்றே சொல்லி வையுங்கள்.