சத்து கிண்ணத்திலா, சட்டியிலா?

பல இல்லங்களில் காணக்கூடிய காட்சி இது. மருத்துவமனையில் சில நாள் படுத்திருந்த 75 வயதுத் தாயார் வீடு திரும்பியிருக்கிறார். மகள் விடியற்காலையிலேயே சந்தைக்குப் போய்க் கம்பத்துக் கோழி வாங்கி வந்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்க வைக்கிறார். பிறகு வடிகட்டி, தெளிந்த சூப்பை மட்டும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிறார்.

"அம்மா, ஒரு சொட்டு விடாமக் குடிங்க. கோழியோட சத்தெல்லாம் இதுல இறங்கிடுச்சு."

"சரிம்மா. கறி எனக்கு வேணாம். மெல்லுறதுக்குப் பல்லா இருக்கு?"

சட்டியில் மிஞ்சிய கறி, 'சக்கை' என்ற பெயரில் பூனைக்கோ குப்பைக்கோ போய்விடுகிறது. ஒரு மாதம் கழித்து மருத்துவரிடம் போனால் தாயார் எடை குறைந்திருக்கிறார். நாற்காலியிலிருந்து எழும்போது கால் நடுங்குகிறது. "தினமும் கோழி சூப் கொடுக்கிறேனே டாக்டர்!" என்று மகள் கலங்குகிறார்.

அந்த மகளின் அன்பில் ஒரு குறையும் இல்லை. சத்து எங்கே இருக்கிறது என்ற கணக்கில்தான் குறை. நோயாளிக்கும், முதியவருக்கும், பிள்ளை பெற்றவளுக்கும் கோழி சூப் காய்ச்சித் தருவது நல்ல பழக்கம். அந்தப் பழக்கம் முழுப் பயனைத் தர வேண்டுமானால், கொதிக்கும் நீரில் எது இறங்குகிறது, எது இறங்குவதில்லை என்று தெரிந்துகொள்வது அவசியம்.

கொதிநீரில் இறங்குவது எது?

கோழியைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சும்போது எலும்பு, தோல், மூட்டு ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்னும் பொருள் மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. நன்கு காய்ச்சிய சூப், குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கூழ் போல உறைவது இதனால்தான். கறியிலுள்ள சுவைப் பொருள்கள், சில தாதுப் பொருள்கள், கொழுப்பு ஆகியவையும் நீரில் கலக்கின்றன. மணமும் ருசியும் நாக்கில் ஒட்டும் பதமும் இவற்றால் வருபவை.

ஆனால் உடலின் தசையை வளர்க்கும் புரதத்தில் பெரும்பகுதி கறியிலேயே தங்கிவிடுகிறது. வீட்டில் காய்ச்சிய ஒரு கப் சூப்பில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கலாம். எலும்பு நீக்கிய 100 கிராம் வெந்த கோழிக் கறியிலோ 25 கிராமுக்கு மேல் இருக்கிறது. சூப்பில் உள்ள ஜெலட்டினும் முழுமையான புரதம் ஆகாது. உடலுக்கு அவசியமான டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை.

எலும்பைக் காய்ச்சினால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும் என்பதும் பரவலான நம்பிக்கை. எலும்பிலிருந்து சூப்பில் இறங்கும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதற்குப் பாலும் தயிரும் முள்ளோடு தின்னும் சிறு மீன்களுமே கைகொடுக்கும்.

வயது ஏற ஏறத் தசை தேய்வது இயல்பு. ஆகவேதான் முதியவர்களுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று ஊட்டச்சத்து வல்லுநர்கள் கூறுகிறார்கள். 50 கிலோ எடையுள்ள தாயாருக்கு இது 50 முதல் 60 கிராம். வெறும் சூப்பைக் கொண்டே இதை நிறைவு செய்ய வேண்டுமானால் எட்டு முதல் பத்துக் கப் குடிக்க வேண்டும்! அப்படிக் குடித்தால் வயிறு நீரால் நிரம்பிவிடும், சோறு இறங்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு வேறுபடும் என்பதால் அவர்கள் மருத்துவரின் சொற்படி நடப்பதே முறை.

அப்படியானால் சூப்பினால் பயன் இல்லையா?

பயன் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத மருத்துவ அறிஞர் மைமோனிடிஸ் கோழி சூப்பை நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தார். 1978ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், சூடான கோழி சூப் குடித்தவர்களுக்கு மூக்குச் சளி வேகமாக நகர்வது தெரியவந்தது. 2000ஆம் ஆண்டு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஸ்டீபன் ரென்னார்ட் குழுவினர், அழற்சியின்போது திரளும் ஒருவகை வெள்ளை அணுக்களின் நகர்வைக் கோழி சூப் ஓரளவு குறைக்கிறது என்று கண்டனர். இது ஆய்வுக்கூடத்தில் கண்ட முடிவு. காய்ச்சலை சூப் குணமாக்கும் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

ஆனாலும் காய்ச்சலில் வாடும் உடலுக்கு நீர் வேண்டும், சிறிது உப்பு வேண்டும். அடைத்த மூக்குக்கு ஆவி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பசியே எடுக்காதவருக்கு மிளகு மணம் பசியைத் தூண்ட வேண்டும். இவ்வளவையும் ஒரு கிண்ணம் சூப் செய்துவிடுகிறது. ஆக, சூப் கதவைத் திறந்துவிடுகிறது. அந்தக் கதவு வழியாக உணவு உள்ளே போக வேண்டும்.

அண்டை அடுப்புகள் சொல்லும் பாடம்

இந்த வட்டாரத்து உணவுகளைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். ஹைனானியர் கொண்டுவந்த கோழிச் சோற்றில், கோழி கொதிக்காத இளஞ்சூட்டு நீரில் வேகிறது. அந்த நீரிலேயே இஞ்சியும் பூண்டும் சேர்த்துச் சோறு வடிக்கப்படுகிறது. மிஞ்சிய நீர், வெங்காயத்தாள் தூவிய சூப்பாகப் பக்கத்தில் வருகிறது. கறி, சோறு, சூப் மூன்றும் ஒரே தட்டில்!

மலாய்க்காரர் வீட்டு சோத்தோ ஆயாம் இன்னோர் எடுத்துக்காட்டு. மஞ்சள், செராய், லெங்குவாஸ் போட்டுக் காய்ச்சிய சூப்பில், பிய்த்துப் போட்ட கோழிக் கறி, அழுத்திய சோறு, தவ்கே, பெகெடில் எல்லாம் சேர்கின்றன. சீனர் வீட்டுக் கோழிக் கஞ்சியில் அரிசி கரையும் வரை வேகிறது. மேலே கறி நாராகக் கிடக்கிறது. இந்திய முஸ்லிம் கடைகளில் கிடைக்கும் சூப்பிலும் கறித்துண்டுகள் மிதக்கின்றன. தொட்டுக்கொள்ள ரொட்டியும் வருகிறது.

இவற்றில் எதிலும் கறி சக்கையாக ஒதுக்கப்படுவதில்லை. நம்மவர் வீட்டு மிளகு சூப்பும் அந்த வரிசையில் நிற்க வேண்டும்.

செய்யும் முறை

ஒரு கிலோ கோழியைத் தோலின் பெரும்பகுதியை நீக்கிப் பெரிய துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். பச்சைக் கோழியைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவினால் கிருமிகள் தொட்டியிலும் பக்கத்துப் பாத்திரங்களிலும் தெறிக்கும். தாளால் ஒற்றி எடுத்தால் போதும்.

இரண்டு லிட்டர் குளிர்ந்த நீரில் கோழியைப் போட்டு அடுப்பை மிதமாக எரியவிட வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் நுரை திரண்டு வரும். இது கறியிலிருந்து வெளிவந்து உறையும் புரதம்தான், தீங்கு இல்லை. கரண்டியால் எடுத்துவிட்டால் சூப் தெளிவாக இருக்கும்.

பிறகு நசுக்கிய இஞ்சி இரண்டு அங்குலம், பூண்டு ஆறு பல், சின்ன வெங்காயம் பத்து, மிளகு, கொத்தமல்லி விதை தலா ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, அன்னாசிப்பூ ஒன்று ஆகியவற்றைச் சேர்க்கலாம். மசாலாப் பொருள்களை மெல்லிய துணியில் முடிந்து போட்டால் எடுப்பது எளிது. தளதளவென்று கொதித்தால் கொழுப்பு கலங்கி சூப் மங்கலாகிவிடும். ஓரத்தில் சிறு குமிழிகள் மட்டும் எழுமாறு அடுப்பைக் குறைத்து வைப்பதே பக்குவம்.

பண்ணைக் கோழியாக இருந்தால் முக்கியமான கட்டம் இதுதான். நெஞ்சுக் கறியை அரை மணி நேரத்திலும் தொடைக் கறியை முக்கால் மணி நேரத்திலும் வெளியே எடுத்து, எலும்பிலிருந்து உரித்து, மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். எலும்புகளை மட்டும் மறுபடி சட்டியில் போட்டு இன்னும் ஒரு மணி நேரம் காய்ச்ச வேண்டும். இதனால் கறி மென்மையாக இருக்கும்; எலும்பின் பதமும் சூப்பில் இறங்கும். இரண்டு மணி நேரமும் கறியைச் சேர்த்தே காய்ச்சினால்தான் அது வறண்டு, சுவையிழந்து, சக்கை என்ற பெயரை வாங்குகிறது.

கம்பத்துக் கோழி வயதில் மூத்தது; தசை உறுதியானது. அதன் கறி மெத்தென்று ஆக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். மணத்தில் அது உயர்ந்தது. ஆனால் உறைய வைத்த கோழியிலும் நல்ல சூப் வரும். 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தி வைத்தபோது, அதற்கு முந்தைய ஆண்டில் தன் கோழியில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அங்கிருந்து பெற்ற சிங்கப்பூரில் பல வீடுகள் உறைந்த கோழிக்கு மாறின. முதல் நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக்கினால் போதும்.

பல் இல்லாதவருக்கு

முதியவர்கள் கறியை ஒதுக்குவது பெரும்பாலும் மெல்ல முடியாததால்தான். அதற்கு வழி இருக்கிறது. உரித்த கறியை நாருக்குக் குறுக்கே பொடியாக நறுக்க வேண்டும். அரைக் கப் அரிசியை நாலைந்து கப் சூப்பில் குழைய வேக வைத்து, கடைசியில் கறியைக் கலந்தால் கோழிக் கஞ்சி ஆயிற்று. கஞ்சி கொதிக்கும்போதே ஒரு முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகவிட்டால் மேலும் 6 கிராம் புரதம் சேரும். கேரட்டும் உருளைக்கிழங்கும் மசித்துச் சேர்க்கலாம். விழுங்கச் சிரமப்படுவோருக்குக் கறியையும் சேர்த்து அரைத்து, மருத்துவர் அல்லது பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் சொல்லும் பதத்தில் கொடுக்க வேண்டும்.

பேரப்பிள்ளைகளுக்கு அதே சூப்பில் மக்கரோனி போட்டுக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார்கள். ஒரே சட்டி, மூன்று தலைமுறை!

உப்பில் கவனம்

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் பத்தில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. இந்நிலையில் கடையில் விற்கும் சூப் கட்டியின் எடையில் ஏறக்குறைய பாதி உப்பு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 10 கிராம் கட்டி ஒன்றை இரண்டு கப் நீரில் கரைத்தால், ஒவ்வொரு கப்பிலும் ஏறத்தாழ இரண்டரை கிராம் உப்பு இருக்கும். நாளின் அளவில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

மேலே சொன்ன சூப் சுண்டி ஆறு கப் வரும். அதில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு போட்டால் கப்புக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகவோ கூடுதலாகவோதான் ஆகும். உப்பைக் கடைசியில் போட்டு, எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்தால் குறைந்த உப்பே தூக்கலாகத் தெரியும். யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ளவர்கள் அடிக்கடி இறைச்சி சூப் குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. அந்த வலியைத் தூண்டும் பியூரின் என்னும் பொருள் நீரில் எளிதாக இறங்கக் கூடியது.

இரவு முழுதும் அடுப்பிலா?

மிஞ்சிய சூப்பை மூடி அடுப்பிலேயே விட்டுவிட்டு, காலையில் கொதிக்க வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இது ஆபத்தான பழக்கம். கொதியில் சாகாமல் உறைநிலையில் தப்பிக்கும் கிருமி வித்துகள் இருக்கின்றன. சூடு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் அவை விழித்துப் பெருகத் தொடங்கும். சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. உடல் தளர்ந்தவருக்காகக் காய்ச்சிய சூப்பே அவரை மீண்டும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடக் கூடும்.

சூப்பை அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஐஸ் கட்டி போட்ட நீரில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் மேலே உறைந்திருக்கும் கொழுப்பை வழித்து எடுத்துவிடலாம். மூன்று நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. மேலும் நாள் வேண்டுமானால் சிறு டப்பாக்களில் உறைய வைக்கலாம். வேண்டிய அளவை மட்டும் எடுத்துத் தளதளவெனக் கொதிக்கவிட்டுப் பரிமாற வேண்டும்.

அந்த மகள் அடுத்த முறை சூப் காய்ச்சும்போது வடிகட்டியை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கரண்டி கஞ்சியும் இரண்டு கரண்டி நறுக்கிய கறியும் கிண்ணத்தில் சேர்க்கட்டும். "பல்லே வேணாம்மா, நாக்காலயே நசுக்கிச் சாப்பிடலாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டட்டும். சட்டியில் இருந்த சத்து கிண்ணத்துக்கு வர அவ்வளவு போதும்.