புண் ஒன்று, பேர் பல

ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு வயிற்றைக் கலக்கும் காலம் கோடை. தண்ணீர் வற்றி, மீன்கள் நெருக்கியடிக்கும். விடிகாலையில் போய்ப் பார்த்தால் கட்லாவும் ரோகுவும் கரையோரம் மிதக்கும். வயிற்றடியில் சிவப்புப் புள்ளிகள், உதிர்ந்த செதில், அரித்துப்போன வால். பார்த்தவர்கள் ‘புண் நோய்’ என்று ஒரே பேரில் முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் புண்ணை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் ஒரே குலத்தைச் சேர்ந்தவை அல்ல. எது என்று தெரியாமல் கொட்டும் மருந்து, காசை ஏரியில் கொட்டுவதற்குச் சமம்.

ஆய்வகத்தில் முதலில் தேடுவது மீனின் சிறுநீரகத்தை. முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்புப் பட்டையாகக் கிடக்கும் உறுப்பு அது. தோலில் ஏரித் தண்ணீரின் கிருமிகள் எல்லாம் ஒட்டியிருக்கும். சிறுநீரகத்தில் இருப்பதோ உடலுக்குள் புகுந்த கிருமி. அதைத் தொட்டெடுத்த கம்பியால் ஊட்டத் தட்டில் கோடு இழுத்து வைத்தால், மறுநாள் கடுகளவு வெளிர்நிறப் புள்ளிகள் முளைத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் பல லட்சம் பாக்டீரியாக்களின் குடியிருப்பு.

1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயச் சோதனை இங்கே பாதி வழிதான் காட்டும். மீனைத் தாக்கும் ஏரோமோனாஸ், விப்ரியோ, எட்வர்ட்சியெல்லா மூன்றும் அதில் ஒரே இளஞ்சிவப்பாகத் தெரியும். அடுத்தது ஆக்சிடேஸ் சோதனை. மருந்து தோய்த்த தாளில் கிருமியைத் தடவினால், ஏரோமோனாஸும் விப்ரியோவும் சில நொடிகளில் தாளை ஊதாவாக்கும். எட்வர்ட்சியெல்லா தடவிய தாள் நிறம் மாறாது.

மிச்சமிருக்கும் இருவரைப் பிரிக்க உப்பு உதவுகிறது. நூறு மில்லி ஊட்டக் கரைசலில் ஆறு கிராம் உப்பைக் கரைத்து வைத்தால், விப்ரியோக்களில் பல அதில் செழித்து வளரும். ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா வளராது. இந்த வேறுபாட்டை விழுப்புரம் மாவட்டத்தின் நீர்நிலைகளோடு பொருத்திப் பார்க்கலாம். திண்டிவனத்துக்குத் தெற்கே சங்கராபரணியின் நன்னீரைத் தேக்கும் வீடூர் அணை. கிழக்கே உப்பளமும் இறால் பண்ணையுமாக மரக்காணம். அதை ஒட்டி நன்னீரும் உவர்நீரும் கலக்கும் கழுவேலி. ஏரிக் கெண்டையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏரோமோனாஸை, உவர்நீர்க் குட்டை இறாலில் விப்ரியோவை.

இவ்வளவு வேறுபட்டும், நெடுங்காலம் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். மரபுப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்த நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் 1986-இல் ஏரோமோனாஸுக்குத் தனிக் குடும்பம் வேண்டும் என்றார்கள். வெளித்தோற்றம் சொன்ன உறவை மரபணு திருத்தியது.

பேர் மாற்றத்துக்கு இன்னொரு சாட்சி, செவுளையும் வாலையும் அரிக்கும் கிருமி. 1922-இல் அமெரிக்காவின் டேவிஸ், நோயுற்ற மீனின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது பாக்டீரியாக்கள் தூண் தூணாகக் குவிந்து நின்றன. அதனால் ‘கொலம்னாரிஸ்’ என்று பேரிட்டார். பிறகு பேரினம் பலமுறை மாறி, 1996-இல் ஃபிளேவோபாக்டீரியம் கொலம்னாரே என்றானது. 2022-இல் அந்த ஒன்றும் நான்கு இனங்களாகப் பிரிந்தது. ஒன்றுக்கு டேவிஸின் பேர். இன்னொன்றுக்கு, நம் ஏரிகளில் ஜிலேபி என்று அழைக்கப்படும் திலாப்பியாவின் பேரினமான ஓரியோகுரோமிஸின் பேர்.

நினைத்தவர் நினைத்தபடி பேர் வைக்க முடியாது. 1980 ஜனவரி 1 அன்று, அதுவரை குவிந்திருந்த பேர்களைச் சலித்து, ஒப்புக்கொள்ளப்பட்ட பட்டியல் ஒன்றை உலக அறிஞர்கள் வகுத்தார்கள். இன்று புதிய இனம் என்று அறிவிப்பவர், அதன் மாதிரிக் கிருமியை இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களிலாவது ஒப்படைத்தாக வேண்டும். அப்போதுதான் எவரும் வாங்கிச் சரிபார்க்க முடியும்.

இதனால் குத்தகைக்காரருக்கு என்ன லாபம்? ஏரோமோனாஸ் இனங்களில் பெரும்பாலானவை ஆம்பிசிலினுக்குப் பிறவியிலேயே அடங்காதவை. ஓர் இனத்துக்குச் செய்த தடுப்பூசி மற்றதைத் தடுக்கும் என்ற உறுதியும் இல்லை. ஹைட்ரோஃபிலா என்று குறித்துவைத்த பல கிருமிகள், மரபணுவைப் படித்தபோது வெரோனி என்றும் டாக்கென்சிஸ் என்றும் தெரியவந்தன. டாக்கென்சிஸ் என்ற பேர் வங்கதேசத்து டாக்காவிலிருந்து வந்தது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளிடம் கிடைத்த கிருமி அது. கையில் வெட்டுக்காயத்தோடு நோய்பட்ட மீனைத் தொடுபவருக்கும் இந்தக் குலத்தால் ஆபத்து உண்டு.

ஏரோமோனாஸ் நல்ல ஏரியிலும் இருக்கும். நெருக்கடியும் கெட்ட தண்ணீரும் மீனின் வலுவைக் குறைக்கும்போதுதான் அது நோயாகிறது. ஆகவே முதல் மருந்து, மீன் எண்ணிக்கையைக் குறைப்பதும் தண்ணீரைச் சீராக்குவதும். மீன் வளர்ப்பில் குளோராம்ஃபெனிகாலும் நைட்ரோஃபியூரானும் தடைசெய்யப்பட்டவை. யார் சொன்னாலும் வாங்காதீர்கள். செத்து மிதக்கும் மீனில் அழுகல் கிருமிகள் மூலக் கிருமியை மறைத்துவிடும். உயிரோடு தள்ளாடும் மீனை ஆக்சிஜன் நிரப்பிய பையில், தாமதிக்காமல் மீன்வளத் துறையின் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பேர் தெரிந்த பிறகு மருந்து வாங்குங்கள்.