ஸ்கேன் செய்தால் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்த பிறகு நூலகர் எதற்கு என்று பலர் கேட்கின்றனர். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் தேடி எடுத்துக் கொள்ளலாமே என்பது அவர்கள் எண்ணம். தஞ்சாவூர்க்காரனான நான் இதற்குப் பதிலாக எங்கள் ஊர் சரசுவதி மகால் நூலகத்தைக் காட்டுவேன்.

மன்னர் இரண்டாம் சரபோஜி (1798-1832) வளர்த்த இந்நூலகத்தில் தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு, மராத்தி மொழிகளில் ஆயிரக்கணக்கான சுவடிகள் உள்ளன. ஓர் ஓலையை ஸ்கேன் செய்தால் கிடைப்பது வெறும் படம்தான். படத்தை எழுத்தாக மாற்றும் ஓ.சி.ஆர். சாப்ட்வேர் அச்சுத் தமிழை நன்றாகவே படிக்கும். ஆனால் ஓலைகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. சொற்களுக்கு இடையே இடைவெளியும் இருக்காது. அங்கே அது தடுமாறும்.

எனவே சுவடி படிக்கத் தெரிந்தவர் நூலின் பெயர், ஆசிரியர், பொருள், மொழி ஆகியவற்றை டைப் செய்திட வேண்டும். இக்குறிப்புகளை மெட்டாடேட்டா என்கிறோம். நாம் தேடும்போது கம்ப்யூட்டர் பார்ப்பது இதைத்தான். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல், இங்குள்ள சமஸ்கிருதச் சுவடிகளுக்கு 1880-ல் அச்சிட்ட அட்டவணையும் இதே வகை வேலைதான்.

மாறியது என்ன?

தஞ்சை, தஞ்சாவூர், டாஞ்சூர் என எப்படித் தேடினாலும் ஒரே நூல் கிடைக்கும்படி நூலகர் இணைக்க வேண்டும். பழைய பாண்ட்களில் டைப் செய்த தமிழை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஓலைக்கு எண்ணெய் தடவிக் காத்தது போல, பைல்களை அவ்வப்போது புதிய டிஸ்க்குகளில் காப்பி எடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில்

பழைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892-ல் பிறந்தவர் நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. வீட்டுப் பத்திரங்களையும் போட்டோக்களையும் ஸ்கேன் செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

1. ஸ்கேனர் தரும் எண்ணையே பெயராக விட்டுவிடாதீர்கள். ‘1974-கிரயப்பத்திரம்-திருவையாறு’ என்பது போல ஆண்டை முதலில் வைத்துப் பெயரிடுங்கள். பைல்கள் ஆண்டு வரிசையில் நிற்கும்.

2. ஒவ்வொரு போல்டரிலும் நோட்பேடில் ஒரு பட்டியல் தயாரித்து, யு.டி.எப்.-8 முறையில் சேவ் செய்திடுங்கள்.

3. இரண்டு காப்பிகள் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஒரிஜினல் பத்திரத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

4. போட்டோவில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். ஸ்கேன் செய்வதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு எந்தச் சாப்ட்வேராலும் அந்தப் பெயர்களைக் கண்டுபிடித்துத் தர இயலாது.