நடிகர் உடலும் நாடகப் பாடமும்: லீ ஜே. காப்

நாடகப் பனுவல் ஆசிரியர் எழுதி முடித்த அளவிலே நிறைவெய்துவதன்று. நடிகரது உடலும் அதனுட் புகுந்து பாடத்தையே மாற்றிவிடுதல் உண்டு. இதற்கு அமெரிக்க நாடக வரலாற்றினின்றும் ஒரு சான்று காட்டுவோம்.

குணசித்திர நடிகராகிய லீ ஜே. காப் 1911-இல் நியூயார்க்கிற் பிறந்தவர். 1935-இல் குரூப் தியேட்டர் என்னும் நாடகக் குழுவிற் சேர்ந்தார். கிளிஃபர்ட் ஓடட்சின் 'கோல்டன் பாய்' 1937-இல் மேடையேறியபோது அதிற் சிறு பாத்திரம் ஒன்றை ஏற்றார். 1939-இல் அது திரைப்படமாயிற்று. அதில் நாயகனுக்குத் தந்தையாக நடித்த காப்பிற்கு அகவை முப்பதும் நிரம்பவில்லை; மகனாக நடித்த வில்லியம் ஹோல்டனினும் ஆறாண்டே மூத்தவர்! முதுமை அவர்க்கு ஒப்பனையால் மட்டும் வந்ததன்று. கனத்த உடலும் தாழ்ந்த குரலும் துணைநின்றன.

ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' 1949 பிப்ரவரி 10-ஆம் நாள் எலியா கசான் இயக்கத்தில் அரங்கேறியது. அறுபதைக் கடந்த வில்லி லோமனாக நடித்த காப்பிற்கு அப்போது அகவை 37. மில்லர் தம் மனத்தில் வகுத்த வில்லியோ சிற்றுடலினன். அவனை ஒருவன் 'இறால்' என எள்ளியதாக முதலில் எழுதியிருந்த மில்லர், காப்பின் பேருடலுக்கு இயைய அச்சொல்லை நீக்கி, 'வால்ரஸ்' என்னும் பருத்த கடல்விலங்கின் பெயரை அமைத்தார். அச்சேறிப் பரவியது இப்பாடமே. 1984-இல் குறுகிய உடலினரான டஸ்டின் ஹாஃப்மன் நடித்தபோது 'இறால்' மீண்டும் வந்தது.

இவற்றுள் எது மூலபாடம்? ஏடெழுதுவோர் பிழையால் நேர்ந்த வேறுபாடு அன்று இது. இரண்டும் ஆசிரியர் சொல்லே. ஆதலின் ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளுதல் பொருந்தாது என்பது எம் கருத்து. எனினும் பொருள் ஒன்றே எனக் கொள்ளற்க. சிறியவன் ஒதுக்கப்படுதல் வேறு. மலைபோல்வான் சரிதல் வேறு.

காப்பின் வாழ்விற் கறையும் உண்டு. 1953-இல் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுமுன் அவர் இருபதின்மரைப் பொதுவுடைமைக் கட்சியினர் எனப் பெயர் சுட்டினார். மில்லரோ 1956-இல் அக்குழுமுன் பிறர் பெயர் கூற மறுத்தார். வில்லியைப் படைத்தவரும் வில்லியாக வாழ்ந்து காட்டியவரும் இவ்வாறு எதிரெதிர் நின்றனர். காப்பின் நடிப்பை மதிப்பிடுவோர் இதனை மறைத்தலும் தகாது. இதனையே அளவுகோலாக்குதலும் தகாது.

'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' (1954), 'கரமசோவ் சகோதரர்கள்' (1958) என்னும் படங்களுக்காகத் துணைநடிகர்க்குரிய ஆஸ்கர் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 'பன்னிரு சினந்த மனிதர்' (1957) படத்தில் இறுதிவரை இணங்காத நடுவர் அவரே. 1966-இல், தம் 54-ஆம் அகவையில், மில்லரின் வில்லியாகத் தொலைக்காட்சியில் மீண்டும் நடித்தார். 1968-இல் நியூயார்க் மேடையில் லியர் மன்னரானார். 1976-இல் மறைந்தார்.